அட்ரீனல் சுரப்பியும் பெண்ணின் நாட்டமும்

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரைச் சேர்ந்த உடற்கூற்றியலாளர் லூயிஜி தெ கிரெக்கியோ, 1865இல் ஒரு பிணப் பரிசோதனைக் குறிப்பை வெளியிட்டார். இறந்தவர் ஆணாகவே வாழ்ந்தவர், பெண்களை நாடியவர். ஆனால் உடலுக்குள் இருந்தவை கருப்பையும் சூலகங்களும். அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. அக்கேள்விக்கு விடை தெரிய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி என இன்று அழைக்கப்படும் நிலை அது. ஒரு நொதியின் குறைபாட்டால் உடலில் போதிய கார்டிசோல் உருவாவதில்லை. அதை ஈடுகட்ட முனைந்து வீங்கும் சுரப்பி, ஆண்ட்ரோஜன்களைக் கொட்டித் தீர்க்கிறது. சிகிச்சை பெறாத சிறுமிகள் இளமையிலேயே மளமளவென்று வளர்ந்து, பின் குட்டையாகவே நின்றுவிடுவர். மார்பு வளராது, பூப்பு நிகழாது. 1950இல் பால்டிமோரில் லாசன் வில்கின்ஸ் கார்டிசோனைக் கொடுத்துப் பார்த்தபோது, அதுவரை பூக்காத பெண்களுக்கு மாதவிடாய் வந்தது. மருத்துவ வரலாற்றின் உண்மையான வெற்றிகளுள் ஒன்று இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பூப்பை மருந்து மீட்டது. நாட்டத்தை? 1959இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வர், கருவுற்ற கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் செலுத்தினர். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் புணர்ச்சியில் ஆண் விலங்கைப் போல் நடந்துகொண்டன. பூப்பின்போது பெருகும் ஹார்மோன், கருவிலேயே வரையப்பட்ட கோடுகளின்மேல்தான் ஓடுகிறது என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது.

ஆனால் பெண் கினிப்பன்றி அல்லள். 1984இல் ஜான் மணியும் உடன் ஆய்வாளர்களும் இந்நிலையுடன் பிறந்த 30 பெண்களை விசாரித்தனர். 11 பேர் தம்மை இருபால் அல்லது தற்பால் நாட்டமுடையோர் என்றனர். (வளர்ப்பே பாலடையாளத்தைத் தீர்மானிக்கிறது என 1950களில் வாதிட்டவர் இதே மணிதான்!) பின்வந்த ஆய்வுகளிலும் இவ்விகிதம் பிற பெண்களைவிடக் கூடுதலாகவே இருந்தது; எனினும் பெரும்பாலோர் ஆண்களையே நாடினர். ஆண்ட்ரோஜன் சாய்க்கிறது, தீர்மானிப்பதில்லை. பெண்களை நாடும் பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு இக்குறைபாடே கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

காரணம் தெரிந்தால் 'திருத்தும்' ஆசையும் கூடவே வருகிறது. 1980களில், பெண் கருவின் பிறப்புறுப்பு ஆண்தன்மை அடைவதைத் தடுக்க, தாய்க்கு டெக்சாமெதசோன் கொடுக்கும் முறை தோன்றியது. கருவின் பால் தெரியும் முன்பே அதைத் தொடங்கவேண்டியிருந்தது. ஆகவே மருந்துக்கு ஆட்பட்ட எட்டுக் கருக்களில் ஒன்றுக்கே அதனால் பயன் இருந்தது. இச்சிகிச்சையைச் சூழ்ந்த ஆய்வெழுத்துகளில் பெண்ணின் நடத்தையையும் நாட்டத்தையும் மாற்றும் எண்ணம் ஒளிந்திருக்கிறது என்று 2010இல் ஆலிஸ் டிரெகரும் வேறு சிலரும் கண்டித்தனர். அதே ஆண்டு அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கத்தின் வழிகாட்டுதல், இது இன்னும் பரிசோதனை நிலையிலுள்ள சிகிச்சையே என்றது. குழந்தைகளின் நினைவாற்றல் குறித்த அச்சத்தால், சுவீடனில் புதிய தாய்மாரைச் சேர்ப்பதையே மருத்துவர்கள் நிறுத்திவிட்டனர்.