பாட்டுக்கு ஐந்து மணித்துளி

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் கலைவிழாக்களுக்குப் பஞ்சமில்லை. பொங்கல் வந்தால் விழா. மன்றத்திற்கு ஆண்டு நிறைந்தால் விழா. மேடை உண்டு, மின்விளக்கு உண்டு, ஒலிபெருக்கி உண்டு. ஆடலுக்கு அரை மணி, பட்டிமன்றத்திற்கு ஒரு மணி, மெல்லிசைக்கு இரண்டு மணி. பாவலருக்கோ ஐந்து மணித்துளி! அதுவும் தலைவரின் வண்டி இன்னும் வந்து சேராத இடைவேளையில், நாற்காலிகள் நிறையும் வரையில். தலைவர் வந்துவிட்டால் பாட்டு பாதியில் நிற்கும். பாவலருக்குப் பொன்னாடை விழும். பொன்னாடை போர்த்தியாயிற்று, பாட்டைக் கேட்டாயிற்றா என்று வினவுவார் எவருமிலர்.

கவிதையை நாம் மதிக்கிறோமா, அல்லது மதிப்பதுபோல் நடிக்கிறோமா? இந்தக் கேள்வியைக் கேட்கத் தகுந்த மண் இதைவிட வேறில்லை. ஏனெனில் தென்சென்னைப் புறநகர், பாட்டோடு பல நூற்றாண்டுப் பழக்கம் உடையது.

பல்லாவரத்திலிருந்து மேற்கே சிறிது தொலைவில் உள்ளது குன்றத்தூர். பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் வாழ்ந்த சேக்கிழாரின் ஊர் அது. பெரியபுராணம் அரங்கேறியபின் அவரை யானைமேல் அமர்த்தி, அரசனே உடனமர்ந்து கவரி வீசினான் என்று அவர் வரலாறு கூறும் நூல் சொல்கிறது. கதையாயினும் ஆகுக, பாட்டுக்கு எத்தகைய இருக்கை தரவேண்டும் என்று அன்றைய மக்கள் எண்ணினர் என்பதற்கு அது சான்று.

அதே பெரியபுராணத்தையும் கம்பராமாயணத்தையும் 1943இல் அறிஞர் அண்ணா வழக்குமன்றத்தில் நிறுத்துவதுபோல் மேடையில் நிறுத்தினார். சென்னையில் இரா. பி. சேதுப்பிள்ளை எதிர்நின்று வாதிட்டார். சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார் வாதிட்டார். அச்சொற்போர் 'தீ பரவட்டும்' என்று நூலாகவும் வந்தது. யார் வென்றார் என்பதன்று இங்கு நம் பேச்சு. பாட்டு என்ன சொல்கிறது, அது மக்களை எங்கே இட்டுச் செல்கிறது என்று கேட்க மண்டபம் நிறைந்ததே, அதுதான் பேச்சு. யானைமேல் ஏற்றியதும் மதிப்பு. எதிர்நின்று வினவியதும் மதிப்பு. ஏற்றவும் மாட்டோம், எதிர்க்கவும் மாட்டோம், கைதட்டிக் கலைந்துவிடுவோம் என்பதுதான் அவமதிப்பு!

கற்றவர் கூடும் மண்டபத்திற்கே உரியது கவிதை என்பாரும் உண்டு. அவர்கள் தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களைப் பார்க்கட்டும். திரௌபதி அம்மன் விழாவில் இரவெல்லாம் தெருக்கூத்து நடக்கும். அதற்கு முன், பகலில், வில்லிபுத்தூராரின் பாரதத்தைப் பாட்டுப் பாட்டாகப் பாடி, சொல்லைப் பிரித்துப் பொருள் விரிப்பார்கள். பல நாள் நடக்கும் அந்தப் படிப்பைக் கேட்க ஏர் பிடித்தவரும் களை பறித்தவரும் அமர்ந்திருப்பர். புராணத்தில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் எழுத்தறியாத உழவரும் விருத்தப்பாவைப் பொருளுணர்ந்து கேட்ட அந்தப் பழக்கத்தை இகழ நமக்கு உரிமையில்லை. அங்கே கூத்து பாட்டை விழுங்கவில்லை. பகலில் கேட்ட பாட்டு இரவில் காலும் கையும் பெற்று எழுந்தது; அவ்வளவே. ஆகவே ஆடலையும் இசையையும் நாம் பகையென்று கருதவில்லை. பாட்டைப் பட்டினி போட்டுவிட்டு அதன் உடன்பிறப்புகளுக்கு மட்டும் விருந்து வைப்பதையே குறை கூறுகிறோம்.

இனி, இப்பகுதியின் அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்திற்கு வந்தது. அதற்கு முன் அது நகருக்குள் இருந்தபோது, அங்கே தமிழ் கற்பித்தவர் சூரியநாராயண சாஸ்திரியார். தம் பெயரைத் தமிழாக்கிப் பரிதிமாற் கலைஞர் என்று கொண்டவர். தமிழ் உயர்தனிச் செம்மொழி என்று முழங்கிய அவர் 1903இல், 33 வயதில், மறைந்தார். அந்த முழக்கத்திற்கு அரசு இசைந்தது 2004இல்! நூறாண்டு காத்திருந்த முழக்கம் அது. இன்று செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் கட்டடம், 2022இல் திறக்கப்பட்டு, இதே தென்புறத்துப் பெரும்பாக்கத்தில் நிற்கிறது.

பரிதிமாற் கலைஞருடன் அக்கல்லூரியில் 1898இல் பணியில் சேர்ந்தவர் வேதாசலம். மாணவர்க்குப் பாடமாக இருந்த முல்லைப்பாட்டு 103 அடிகளே உடையது. அந்த 103 அடிகளுக்கு அவர் ஒரு முழு ஆராய்ச்சி நூலே எழுதினார். அடுத்து 301 அடிகள் கொண்ட பட்டினப்பாலைக்கும் எழுதினார். பழைய உரைக்குத் தலைவணங்கி நில்லாமல், இது பொருந்துமா என்று கேட்டு எழுதினார். கவிதையைப் பொருட்படுத்துவது என்றால் இதுதான்.

1911இல் கல்லூரியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். அங்கே ஒரு நாள், வள்ளலாரின் பாடல் ஒன்றைப் பாடியபோது, 'தேகம்' என்ற சொல் வந்த இடத்தில் 'யாக்கை' என்ற தமிழ்ச் சொல் இருந்திருப்பின் இன்னும் இனிக்குமே என்றாராம். மகள் நீலாம்பிகை, அப்படியானால் இனி நாம் தனித்தமிழிலேயே பேசுவோம், எழுதுவோம் என்றாராம். வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். 'ஞானசாகரம்' என்ற இதழ் 'அறிவுக்கடல்' ஆயிற்று. சமரச சன்மார்க்க நிலையம் பொதுநிலைக் கழகம் ஆயிற்று. 1916இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்தது. அரசாணையில்லை, ஆள்பலமில்லை, பணமில்லை. ஒரு பாட்டில் ஒரு சொல்! அதைத் தந்தையும் மகளும் நின்று நிதானித்துக் கேட்டனர். ஒரு நாட்டின் நாக்கே திருந்தலாயிற்று.

அந்தப் பல்லாவரத்திலும் அதன் பக்கத்து ஊர்களிலும்தான் இன்று பாட்டுக்கு ஐந்து மணித்துளி!

குற்றம் கேட்பவரிடம் மட்டுமா? இல்லை. அடுக்குமொழியை அடுக்கி, கைதட்டலுக்காக ஒரே அடியை மும்முறை சொல்லி, மேடையில் இருப்போரின் பெயர்களைக் கோத்துப் புகழ்மாலை தொடுக்கும் பாவலரும் பாட்டைச் சிறுமைப்படுத்துகிறார். அவரே தம் பாட்டைப் பொருட்படுத்தாதபோது ஊர் ஏன் பொருட்படுத்தும்? வகுப்பறையில் நாமும் என்ன செய்கிறோம்? செய்யுளை மனப்பாடப் பகுதி என்று பெயரிட்டு, மதிப்பெண் தந்து முடிக்கிறோம். பதினைந்து வயதில் பாட்டைத் தேர்வாக மட்டுமே கண்ட பிள்ளை, முப்பது வயதில் விழாக்குழுவில் அமரும்போது அதற்கு எத்தனை மணித்துளி ஒதுக்கும்?

மாற்றுவது அரிதன்று. விழாக்குழுவினர் பத்துப் பாவலரை அழைத்துப் பத்துப் பொன்னாடை வாங்க வேண்டா. ஒரு பாவலரை அழையுங்கள். ஒரே ஒரு பாட்டுக்கு அரை மணி தாருங்கள். முதலில் பாடட்டும், பிறகு பொருள் பேசட்டும், அவையோர் வினவட்டும், மறுமுறை பாடட்டும். சிற்றூரின் உழவர்க்கு இயன்றது, தொடர்வண்டியேறி அலுவலகம் சென்று திரும்பும் நமக்கு இயலாதா? பாட்டைக் கேட்ட பிறகு பறையும் முழங்கட்டும், ஆடலும் நடக்கட்டும். அவை சுவை குன்றா.

ஒரு சொல்லைக் கேட்டு ஓர் இயக்கம் எழுந்த மண்ணில் வாழ்கிறோம். கேட்கும் செவி இன்னும் நமக்கு இருக்கிறது என்று காட்டுவோம்!