தோளில் அல்ல, தோலில்!

தென்காசியை விட்டுக் குற்றாலம் நோக்கிச் செல்வோர் கடந்து போகும் ஊர் மேலகரம். குற்றாலக் குறவஞ்சி தந்த திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். மலையிலே திரிந்தவள் குறத்தி. மன்றத்திலே அமர்ந்தவர் வேறு சிலர். எனினும் அவள் நாவிலே தமிழ் நடமாடியபோது தலையசைக்காதார் யார்? பிறப்பு, அறிவை அளக்கும் கோலன்று என்பதற்கு இலக்கியம் தந்த சான்று அது. விஞ்ஞானம் தந்த சான்றும் ஒன்றுண்டு.

தோலைத் தொட்டவனைத் தீட்டென்று தள்ளி வைத்தது இந்நாடு. செருப்பு வேண்டும், செய்தவன் வேண்டா! பறை வேண்டும், அறைந்தவன் வேண்டா! கமலைச் சால் வேண்டும், தைத்தவன் வேண்டா! இழிவென்று ஒதுக்கப்பட்ட அந்தத் தோலுக்குள் இருப்பதுதான் என்ன?

1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவரானார் கோ. நா. இராமச்சந்திரன். முப்பதை ஒட்டிய வயது. தோலுக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் உரம் தரும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு அன்று விளங்காப் புதிர். சென்னைக்கு வந்த பெர்னால் என்ற பிரிட்டிஷ் அறிஞர் அதனை எடுத்துரைத்தார். 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார் இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன். 1954-இல் 'நேச்சர்' ஏட்டிலே முடிவு வெளிவந்தது: மூன்று இழைகள் ஒன்றாக இணைந்த அமைப்பு! அடுத்த ஆண்டே, அவ்விழைகள் கயிறுபோல் ஒன்றாக முறுக்கியவை என அவ்வடிவத்தைத் திருத்திச் செம்மையாக்கினர்.

முப்புரி! சிலர் தோளிலே மட்டும் தொங்குவதன்று இது. எல்லார் தோலிலும் இருப்பது. ஆண்டான் உடலிலும் அடிமை உடலிலும் அதே மூன்று இழை, அதே முறுக்கு. எந்த உடலில் இல்லை, எடுத்துக் காட்டட்டும்!

ஆவாரம் பட்டையின் துவர்ப்புப் பொருள் இந்த நார்களைப் பிணைத்து, அழுகலைத் தடுத்து, தோலைப் பதமாக்குகிறது. காரணம் எழுதப்படுமுன்பே கைகளால் அதைச் செய்து காட்டினர் தோல் தொழிலாளர். ஏட்டிலே இடம் பெறாத பொருளியல் ஆராய்ச்சியாளர் அவர்கள்! மாட்டுத் தோலிலிருந்து பிரித்த கொலாஜன் இன்று தீப்புண்ணை மூடும் ஏடாகிறது. உயிர் பிழைக்க வேண்டிய வேளையில் தீட்டு எங்கே போயிற்று?

1963-இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத இழை எவ்வெக் கோணங்களில் மடங்கக்கூடும் என்பதை வரைபடமாக்கினார் இராமச்சந்திரன். உலக ஆய்வுக்கூடங்கள் இன்றும் அதனை அவர் பெயராலேயே அழைக்கின்றன. புரத வடிவைக் கணினியால் கணித்தோருக்கும் புதிய புரதங்களை வடிவமைத்தோருக்கும் 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய வடிவங்களைச் சரிபார்க்கவும் சென்னையிலே பிறந்த அந்த வரைபடம் உதவுகிறது. 2001-இல் மறைந்த அவருக்கோ நோபல் பரிசு கிட்டவில்லை.

இளைஞர்களே! குறத்தியின் தமிழைச் சுவைத்துவிட்டுக் குறவரை ஒதுக்குவதும், தோலின் பயனைத் துய்த்துவிட்டுத் தொழிலாளியைத் தள்ளுவதும் ஒரே மடமை. அதனை வாதத்தால் மட்டுமா வெல்வது? ஆய்வுக்கூடத்தின் கதவையும் தட்டுவோம்! மேலகரத்துப் பிள்ளையும், தோல் பதனிடுவோர் வீட்டுப் பிள்ளையும் அங்கே அருகருகே அமரும் நாளே, அறிவு வென்ற நாள்!