கைலியில் வாழும் துறைமுகம்

சட்டைப்பையில் தைத்த நிறுவனச் சின்னத்தை இளைஞர்கள் தம் பெருமைக்கும் கூட்டுறவுக்கும் அடையாளமாகக் கொள்வதைக் காண்கிறோம். இவ்வழக்கம் மிகப் பழமையானது.

பெரம்பலூர் மாவட்டத்து லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் நம் பெரியவர்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலியை எடுத்துக்கொள்வோம். கடைகளில் அது 'பாளையக்காட்' என்ற பெயராலும் விற்கப்படுகிறது. பழவேற்காடு என்னும் துறைமுகத்தின் பெயரே இவ்வாறு மருவியது. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே ஜெல்திரியா கோட்டையை எழுப்பினர். சோழமண்டலக் கரையின் துணிகள் அங்கிருந்து கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. கிராம்பும் சாதிக்காயும் அவற்றுக்கு ஈடாகக் கிடைத்தன. மலாய் மொழியில் இக்கைலிக்கு இன்றும் 'காயின் பெலிக்காட்' என்றே பெயர். மலாய் முஸ்லிம்கள் அதை உடுத்திப் பள்ளிவாசலுக்குச் செல்கின்றனர். பிழைப்புத் தேடி மலேயா சென்ற நம்மவர்க்கு, அந்நிய மண்ணிலும் உடையால் உறவு கிட்டியது!

இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திரன், 1025 அளவில் கடாரத்தை வென்றான். அவ்வெற்றி கல்வெட்டில் நிற்கிறது. தறியின் வெற்றியோ அதே மலாய் மக்களின் இடுப்பில், அன்றாட வாழ்வில் நிற்கிறது.

எனினும், துறைமுகத்தின் பெயர் நிலைத்தது. நெய்தவரின் பெயர் மறைந்தது. மைய அரசு 2006இல் கைத்தறிக்கென ஒரு முத்திரையை வழங்கியது. சின்னம் பார்த்து உடை வாங்கும் நம் பிள்ளைகள், அந்த முத்திரையையும் தேடிப் பார்க்கட்டும். நெய்த கைகளுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவன்றோ!