பூஞ்சையால் வாழும் தாவரங்கள்

பச்சையத்தை இழந்து, ஒளிச்சேர்க்கையைக் கைவிட்டு, உடல் வளர்ச்சிக்கு வேண்டிய கார்பன் முழுவதையும் வேரோடு பிணைந்த பூஞ்சையிடமிருந்து பெறும் தாவரங்கள். பூக்கும் தாவரங்களில் 500க்கும் மேற்பட்ட இனங்கள் முற்றிலும் இவ்வாறே வாழ்கின்றன. ஆர்க்கிட் குடும்பத்திலும் பர்மானியா, தைஸ்மியா, மோனோட்ரோபா ஆகியவற்றின் உறவுக் கூட்டங்களிலும் இவை அதிகம்.

நிலத்தாவரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் வேர்களில் பூஞ்சை குடியிருக்கிறது. பூஞ்சை நீரையும் பாஸ்பரஸ் முதலிய சத்துகளையும் மண்ணிலிருந்து திரட்டித் தர, தாவரம் பதிலுக்குச் சர்க்கரை கொடுக்கும். இங்கே பேசப்படும் தாவரங்களில் இந்த வரத்து ஒருவழிப் பாதையாகிவிட்டது. சத்தும் சர்க்கரையும் பூஞ்சையிலிருந்தே வருகின்றன. பூஞ்சைக்குக் கைம்மாறு ஏதும் கிடைப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை.

வெளிறிய இச்செடிகள் காட்டுத்தரையின் இலைமட்கை நேரடியாகச் செரித்து வாழ்வதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. மோனோட்ரோபாவை மட்குண்ணி என்று சொல்லும் பாடநூல்கள் இன்றும் உண்டு. ஆனால் எந்தப் பூக்கும் தாவரமும் மட்கைத் தானே செரிப்பதில்லை. 1880களின் தொடக்கத்திலேயே போலந்துத் தாவரவியலாளர் பிரான்சிஷெக் காமியென்ஸ்கி, மோனோட்ரோபாவின் வேர் முழுவதும் பூஞ்சை உறையால் மூடியிருப்பதைக் கண்டார். வேர் மண்ணைத் தொடவே இல்லை என்றால் உணவு பூஞ்சை வழியாகத்தான் வர வேண்டும் என்பது அவர் முடிவு. அதை மெய்ப்பிக்க ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பிடித்தன. சுவீடனைச் சேர்ந்த எரிக் பியோர்க்மன், ஊசியிலை மரங்களின் பட்டைக்குள் கதிரியக்கக் கார்பன் கொண்ட குளுக்கோஸைச் செலுத்தினார். சில நாட்களில் அந்தக் கதிரியக்கம் அருகில் வளர்ந்த மோனோட்ரோபாவில் தென்பட்டது. 1960இல் வெளியான இந்த ஆய்வு, உணவின் வழியைக் காட்டிவிட்டது: மரம் ஆக்கிய சர்க்கரை பூஞ்சைக்குப் போகிறது, பூஞ்சையிடமிருந்து செடிக்கு வருகிறது. செடியும் மரமும் எங்கும் ஒட்டிக்கொள்வதில்லை. சுரண்டல் மட்டும் நடக்கிறது.

எல்லா இனங்களும் உயிருள்ள மரத்தையே நம்பியிருப்பதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் காணப்படும் எபிபோகியம் ரோசியம் என்ற இலையற்ற ஆர்க்கிட், மரக்கட்டையை மட்கவைக்கும் பூஞ்சைகளைச் சார்ந்தது. ஆக, இறந்த பொருளிலிருந்து உணவு வருகிறது என்ற பழைய கருத்து இத்தகைய இனங்களைப் பொறுத்தவரை பாதி சரி. மட்கவைக்கும் வேலையைச் செய்வது செடியன்று, பூஞ்சை. பூஞ்சையைத் தேர்வதில் பல இனங்கள் மிகக் கறாரானவை. மோனோட்ரோபா யூனிஃப்ளோரா ருசுலா குடும்பத்தையும், வட அமெரிக்காவின் செந்நிற சார்கோடஸ் ரைசோபோகனையும் விட்டு வேறெதையும் அநேகமாக ஏற்பதில்லை.

முழுச்சார்புக்கும் தன்னிறைவுக்கும் இடையில் படிநிலைகள் உண்டு. பைரோலா, செஃபலாந்தெரா போன்றவை பச்சை இலையோடு இருந்தும் கார்பனில் ஒரு பகுதியைப் பூஞ்சையிடம் வாங்குகின்றன. ஆர்க்கிட்டுகளோ எல்லாமே குழந்தைப் பருவத்தில் பூஞ்சையின் பிள்ளைகள். தூசி போன்ற அவற்றின் விதையில் கருவூண் இல்லை; உகந்த பூஞ்சை உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளை வளரும். பிரெஞ்சு அறிஞர் நோயெல் பெர்னார் இதை 1899இல் கண்டறிந்தார். இலைவிட்ட பிறகு பெரும்பாலானவை சொந்தமாக உணவு தயாரிக்கின்றன. சில மட்டும் அந்தப் பருவத்தை எட்டுவதே இல்லை.

ஒளி தேவைப்படாததால் உடலமைப்பும் சுருங்கிவிடுகிறது. இலைகள் செதில்களாகின்றன, தண்டு வெண்மையாகவோ பழுப்பாகவோ இருக்கிறது, பூக்கும் காலம் தவிர மற்ற நாட்களில் செடி மண்ணுக்கடியிலேயே இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ரைசாந்தெல்லா கார்ட்னெரி பூவைக்கூட மண்ணுக்குள்ளேயே விரிக்கிறது. 1928இல் ஒரு விவசாயி தற்செயலாகக் கண்டெடுத்த ஆர்க்கிட் இது. இதன் கணிகத்தில் 37 மரபணுக்களே மிஞ்சியிருக்கின்றன. ஒளிச்சேர்க்கைக்குரியவை அனைத்தும் உதிர்ந்துவிட்டன.

கண்ணில் படாமல் வாழ்வதால் இவற்றின் பரவலை மதிப்பிடுவது கடினம். சிகாகோ நகரில் 1912இல் கண்டுபிடிக்கப்பட்ட தைஸ்மியா அமெரிக்கானாவை 1916க்குப் பின் யாரும் பார்க்கவில்லை. ஆனைமலையை ஒட்டிய பரம்பிக்குளம் காட்டிலிருந்து 1952இல் விவரிக்கப்பட்ட ஹாப்லோதைஸ்மியா எக்ஸானுலேட்டா, அரை நூற்றாண்டு கழித்துத்தான் அதே பகுதியில் மீண்டும் கிடைத்தது. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே இனம்.

தொட்டியில் பெயர்த்து நட்டால் இவை பிழைப்பதில்லை. பூஞ்சையும் அதன் உணவும் கூடவே வேண்டும். விலக்காக, கேஸ்ட்ரோடியா எலாட்டா என்ற ஆர்க்கிட் சீனாவில் தியான்மா என்னும் மருந்துக் கிழங்குக்காகப் பெருமளவில் பயிரிடப்படுகிறது. அதற்கு இரண்டு பூஞ்சைகள் தேவை: விதை முளைக்க மைசீனா, கிழங்கு பெருக்க ஆர்மில்லாரியா. ஆர்மில்லாரியா பிடித்த மரக்கட்டைகளைக் குழியில் அடுக்கி, அவற்றுக்கிடையே கிழங்குக் குருத்துகளை வைத்து மண்ணால் மூடுகிறார்கள்.