பாலுவிடம் பந்தைக் கொடுத்தார்கள்

போன மாதம் பயிலரங்கம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது முதலாமாண்டு படிக்கும் ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணா, எனக்குப் பத்தொன்பது வயசு. ஸ்கூல்ல எந்த கேமும் ஒழுங்கா ஆடினதில்ல. இப்போ ஏதாவது ஒண்ணை சீரியஸா எடுத்து, போட்டிக்கெல்லாம் போகணும்னு இருக்கு. லேட்டா? எதை எடுக்கட்டும்?"

சுற்றியிருந்த தோழர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உயரத்துக்கு வாலிபால், வேகத்துக்குக் கபடி, கோபத்துக்குக் குத்துச்சண்டை. உடம்புக்கு எது பொருந்தும் என்பதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு பல்வாங்கர் பாலு ஞாபகத்துக்கு வந்தார். அன்றைக்கு நேரமில்லை. அவளுக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

பாலு 1870களின் நடுவில் தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சமார் சாதி. குடும்பம் பூனாவுக்கு வந்தது. ராணுவ அதிகாரிகள் கழித்துப்போட்ட பழைய மட்டைகளையும் பந்துகளையும் வைத்துத்தான் பாலுவும் தம்பி சிவராமும் கிரிக்கெட் பழகினார்கள். பாலுவின் முதல் வேலை பூனாவில் பார்சிகள் நடத்திய ஒரு கிளப்பில் ஆடுகளத்தைக் கூட்டுவதும் ரோலர் இழுப்பதும். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்காரர்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய் ஆனது. பிட்ச் தயார் செய்வது, வலை கட்டுவது, டென்னிஸ் மைதானத்துக்குக் கோடு போடுவது எல்லாம் அவர் தலையில்தான். அப்போது அவருக்குப் பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

"ஏழைச் சிறுவன் கனவு கண்டான், உழைத்தான், ஜெயித்தான்" என்று நம் ஊடகங்கள் எழுதும் கதை இது இல்லை. பாலு கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிரிக்கெட் மைதானத்தில் கூலி வேலை கிடைத்தது. வேலைக்கு நடுவே, வலைப்பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து போட ஆள் வேண்டியிருந்தது. இடதுகையில் மெதுவாகச் சுழற்றிப் போடக் கற்றுக்கொண்டார். ஜே. ஜி. கிரெய்க் என்ற அதிகாரி அன்றைக்கு இந்தியாவில் இருந்த ஐரோப்பிய மட்டையாளர்களில் முதல் வரிசையில் இருந்தவர். மற்றவர்கள் வருவதற்கு முன்பே மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து போடச் சொல்வாராம். அவரை அவுட்டாக்கினால் ஒவ்வொரு முறைக்கும் பாலுவுக்கு எட்டணா தந்ததாகச் சொல்வார்கள். கணக்குப் போடுங்கள். எட்டு முறை அவுட்டாக்கினால் ஒரு மாதச் சம்பளம். அந்தக் கைக்கு ஏன் அவ்வளவு துல்லியம் வந்தது என்பது புரியும்.

பூனா கிளப் வலையில் மணிக்கணக்காக, வருடக்கணக்காகப் பந்து போட்ட பாலுவுக்கு ஒருநாள்கூட மட்டை கொடுக்கப்படவில்லை. பந்து போடுவது உடலுழைப்பு, மட்டை பிடிப்பது கனவான்களின் வேலை. இங்கிலாந்திலும் அப்படித்தான் இருந்தது, கூலிக்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் பந்துவீச்சாளர்கள். இந்தியாவுக்கு வந்ததும் இந்த வர்க்கப் பிரிவினை எந்தச் சிரமமும் இல்லாமல் சாதியோடு ஒட்டிக்கொண்டது. ஒரு விளையாட்டுக்குள் நாம் நுழைந்துவிட்டோம் என்று சொல்லும்போது, அதற்குள் எந்த வேலை நமக்கு ஒதுக்கப்பட்டது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பூனா இந்துக்களின் கிளப்புக்கு ஐரோப்பியரை வெல்ல வேண்டும் என்ற ஆசை. ஊரிலேயே சிறந்த பந்துவீச்சாளர் தீண்டத்தகாதவர். வாதப்பிரதிவாதம் நடந்து கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள், தோல் பந்துதானே! தேநீர் இடைவேளையில் மட்டும் மற்றவர்கள் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே, தூக்கியெறியும் மண் குவளையில். மதியச் சாப்பாடும் தனியாக. நம்மூர் டீக்கடைகளின் இரட்டைக் குவளையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பூனாவில் பிளேக் வந்த காலத்தில் பாலு பம்பாய்க்குப் போனார். அங்கே ரயில்வேயில் வேலை, இந்து ஜிம்கானாவில் ஆட்டம். 1906இல் இந்துக்கள் அணி ஐரோப்பியர் அணியை 109 ரன்களில் வென்றது. அந்த ஆட்டத்தில் பாலு எட்டு விக்கெட் எடுத்தார். சிவராமும் அணியில் இருந்தார். சுதேசி இயக்கம் சூடாக இருந்த நேரம், நாடே கொண்டாடியது. 1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அந்தச் சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார், சராசரி 18.84. திரும்பி வந்தபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் வரவேற்பு கொடுத்தார்கள். அதற்கான வரவேற்பு மடலைத் தயாரித்தவர் அப்போது கல்லூரி மாணவராக இருந்த பீமராவ் அம்பேத்கர் என்று ராமச்சந்திர குகா எழுதியிருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் தலைமை கிடைக்கவில்லை. அணியிலேயே மூத்தவர், அதிகம் சாதித்தவர் என்பதை யாரும் மறுக்கவில்லை. 1913இல் தலைவரான எம். டி. பாயே அந்தப் பொறுப்பு பாலுவுக்குப் போயிருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் தேர்வுக்குழு அறைக்குள் விக்கெட் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. 1920இல் பாலுவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, தலைமையைப் பிராமணரான டி. பி. தேவ்தருக்குக் கொடுத்தார்கள். தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மாட்டோம் என்று வெளியேறி, காரணத்தைப் பொதுவெளியில் சொன்னார்கள். இந்திய விளையாட்டில் சாதிக்கு எதிராக ஆட்டக்காரர்களே செய்த வேலைநிறுத்தம் அது. ஏன் நம் பாடப்புத்தகங்களில் இல்லை என்று கேட்க வேண்டாம். அழுத்தம் தாங்காமல் பாலுவைத் துணைத்தலைவராகத் திரும்ப அழைத்தார்கள். 1923இல் விட்டல் தலைவரானார், கோப்பையும் வந்தது. பாலு பந்தை எடுத்து ஏறத்தாழ முப்பது வருடம் ஆகியிருந்தது.

நம் சுவரொட்டிகளில் பாலுவின் படத்தை ஏன் பார்ப்பதில்லை என்ற கேள்வியையும் தாண்டிப் போக முடியாது. 1932இல் தனித்தொகுதிச் சிக்கலில் அவர் மதராஸின் எம். சி. ராஜாவோடு சேர்ந்து கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. 1937 பம்பாய் தேர்தலில் பாபாசாகேபுக்கு எதிராகக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் பாலுதான். சுமார் இரண்டாயிரம் வாக்குகளில் தோற்றார். வரவேற்பு மடல் தந்தவரை எதிர்த்து நிற்க, அந்த மடலைப் பெற்றவரையே தேடிப்பிடித்தது காங்கிரஸ். அந்த முடிவு தவறு என்பதே என் கருத்து. ஆனால் அவரைத் துரோகி என்று ஒரே சொல்லில் முடிக்கும் தோழர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. பல வருடங்கள் இந்துக்கள் அணியின் சட்டையைப் போட்டு ஜெயித்துக் கொடுத்த மனிதர். உள்ளே இருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறக்கும் என்று நம்ப, 1923 அவருக்கு ஒரு காரணம் கொடுத்திருக்கலாம். பாபாசாகேபுக்கு மஹாத் குளத்தங்கரை வேறு பாடத்தைக் கற்பித்தது.

தங்கையின் கேள்விக்கு வருகிறேன். பத்தொன்பது தாமதமில்லை. ஆனால் நாலைந்து வயதிலிருந்தே பயிற்சி தொடங்கும் ஜிம்னாஸ்டிக்ஸ் போன்றவை வேண்டாம். உடம்பு பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு, யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் பார். குழு விளையாட்டில் யாரோ நாலு பேர் ஒரு அறையில் உட்கார்ந்துதான் பெயர் எழுதுகிறார்கள். ஓட்டத்தில் நேரம், பளுதூக்குதலில் கம்பியில் ஏறிய கிலோ, எழுதியதை எளிதில் மாற்ற முடியாது. அதற்காக அங்கே சாதி இல்லை என்று நினைத்துவிடாதே. மைதானத்தின் சாவி யாரிடம், விடுதியில் யாரோடு தங்கவைக்கிறார்கள், ஊக்கத்தொகைப் படிவத்தில் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பதையெல்லாம் முதல் மாதத்திலேயே தெரிந்துகொள். செலவையும் கேள். ஷூ, சாப்பாடு, பஸ் கட்டணம் மூன்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுச் சேர். குழு விளையாட்டுதான் பிடிக்கிறது என்றால் அதையே எடு, தனியாகப் போகாதே. 1920இல் பாலுவுக்காக வெளியே வரத் தம்பிகள் இருந்தார்கள்.

போன வாரம் பேசினாள். பளுதூக்குதலில் சேர்ந்திருக்கிறாளாம், காலை ஐந்தரைக்குப் பயிற்சி. வகுப்புத் தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு போகிறாள். இன்னும் வெறும் கம்பியைத்தான் தூக்கவிடுகிறார்கள் என்று அலுத்துக்கொண்டாள். மூன்று மாதம் அப்படித்தான் இருக்கும் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார்.