தரங்கம்பாடி: ஒரு வீதி, முன்னூறு வருஷம்

தரங்கம்பாடி என்றதும் எல்லோருக்கும் கடற்கரையில் நிற்கும் டேனிஷ் கோட்டைதான் ஞாபகம் வரும். நான் எழுதப்போவது கோட்டையைப் பற்றி அல்ல. ஊருக்குள் நுழைந்ததும் கடலை நோக்கி நேராக ஓடும் ராஜ வீதியைப் பற்றி (கிங்ஸ் ஸ்ட்ரீட் என்றும் சொல்வார்கள்).

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே வந்தார்கள். மிளகு வாங்க வந்தவர்கள் ஒரு ஊரையே கட்டிவிட்டார்கள்! வீதியின் மேற்கு முனையில் இருக்கும் நகர வாயில் 1792-இல் கட்டப்பட்டது. டென்மார்க் அரச முத்திரையை அதில் இன்றும் பார்க்கலாம். உள்ளே போனால் 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-இல் திறந்த புதிய எருசலேம் ஆலயம். இரண்டாவதைக் கட்டிய சீகன்பால்கு அடுத்த வருஷமே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் இவர்தான்.

இடையிடையே பழைய வீடுகள். கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான தூண்கள், வெயில் படாத முன்தாழ்வாரம். கட்டச் சொன்னது ஐரோப்பியர் என்றாலும், நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற வீடுகள்தான் இவை.

சரி, இவை எப்படித் தப்பின? 1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்து செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1861-இல் ரயில் வந்தது நாகப்பட்டினத்துக்கு. வியாபாரமும் அந்தப் பக்கமே போனது. பணம் புழங்கும் ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டுவார்கள். இங்கே இடிக்கவும் ஆளில்லை, பழுது பார்க்கவும் ஆளில்லை. ஊரின் வறுமைதான் வீதியைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

2004 சுனாமிக்குப் பிறகு பல கட்டடங்கள் புதுப்பிக்கப்பட்டன. சந்தோஷம்தான். ஆனால் சற்றுத் தள்ளிக் கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு முன்னூறு வருஷங்களுக்கு முன்பே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில். அதன் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மீனவர்கள் வாழ்ந்த குடிசைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

மிஞ்சி நிற்பது மட்டும்தான் வரலாறா? அடுத்த முறை அந்த வீதியில் நடக்கும்போது, இல்லாத வீடுகளையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் நண்பர்களே.