கொழும்பு ரூபாயும் நம் ரூபாயும்

தனுஷ்கோடியில் கப்பலேறிய நம்மூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு சுலபம்: இலங்கை ரூபாயும் நம் ரூபாயும் சரிசமம். ஆனால் அங்கே தேயிலை, ரப்பர் விலை சரிந்தால் பணப்புழக்கமும் தானாகச் சுருங்கும். கொழும்புக் கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். அமெரிக்காவிலிருந்து வந்த ஜான் எக்ஸ்டர் 1949-இல் இந்த நாணய முறையை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். 1950 ஆகஸ்ட் 28-இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கியது. முதல் கவர்னரும் அவரே.

சரிசமம் அதற்குப் பிறகும் நீடித்தது. 1966 ஜூன் 6-இல் இந்தியா, டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்ததை 7.50 ஆக்கியது. காகிதக் கணக்கில் இலங்கை ரூபாய் ஒன்றுக்கு நம் ரூபாய் ஒன்றரைக்கும் மேல்! அங்கே பிள்ளைகளை வைத்திருந்த எங்கள் பக்கத்துக் குடும்பங்களுக்கு இது லாபம்தானே என்பீர்கள். பணத்தை அனுப்ப விட்டால்தானே? அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. 1967 நவம்பரில் இலங்கையும் தன் ரூபாயை இறக்கியது. பழைய சமம் திரும்பவில்லை. இப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது.